ஜேன் ஐர் வரைந்த படங்களை வரிசையாக மாட்டிப் பார்த்தால்

நீலச்சாயம் எழுதியது:

சார்லட் பிராண்டி 1847-இல் கரர் பெல் என்னும் புனைபெயரில் வெளியிட்ட 'ஜேன் ஐர்' நாவலை, அநாதைச் சிறுமி ஒருத்தி வீட்டாசிரியையாகித் தன் முதலாளியைக் காதலித்து மணக்கும் கதையாகவும், அவன் மாடியறையில் பூட்டிவைத்த முதல் மனைவியின் கதையாகவும் நிறையவே பேசிவிட்டோம். அதன் நாயகி சிறு வயது முதல் படம் வரைபவள் என்பது பேச்சில் அரிதாகவே வருகிறது. வந்தாலும் பதின்மூன்றாம் அத்தியாயத்தில் அந்த முதலாளி ரோச்செஸ்டர் பார்க்கும் மூன்று நீர்வண்ண ஓவியங்களோடு நின்றுவிடுகிறது. அவள் வரைந்தவற்றையெல்லாம் வரைந்த வரிசையிலேயே ஒரு சுவரில் மாட்டிவைத்துப் பார்த்தால், கதைப்போக்கு வெளிப்படையாகச் சொல்லாத ஒரு வளர்ச்சி அதில் தெரிகிறதா என்பதே நான் இங்கே வைக்கும் கேள்வி. (முடிவு வரை பேச வேண்டியிருக்கும், நாவலை இன்னும் படிக்காதவர்கள் இந்த இழையைப் பிறகு படிப்பது நல்லது.)

வரிசையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லோவூட் விடுதிப் பள்ளியில் சிறுமியாக அவள் வரையும் முதல் குடிசையின் சுவர்கள், பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தையும் மிஞ்சிச் சாய்ந்திருந்தன என்று அவளே பின்னாளில் கேலியாகச் சொல்கிறாள். பதினெட்டு வயதில் அவள் அப்பள்ளியை விட்டுக் கிளம்பும் நேரத்தில், தலைமையாசிரியைக்கு அவள் பரிசளித்த நிலக்காட்சி ஒன்று கணப்புக்கு மேலே மாட்டப்பட்டிருக்கிறது. பார்க்க வந்த பழைய பணிப்பெண் பெஸ்ஸி அதைக் கண்டு வியக்கிறாள். லோவூடிலேயே விடுமுறை நாட்களில் தீட்டிய மூன்று நீர்வண்ணங்கள், ரோச்செஸ்டரின் தார்ன்ஃபீல்டு மாளிகையில் வரையும் தன்னுருவப்படமும், அவனை மணக்கக்கூடியவளாகக் கருதப்படும் உயர்குடிப் பெண் பிளான்ச் இங்கிராமின் சிற்றோவியமும், சிறுவயதில் வளர்ந்த கேட்ஸ்ஹெட் வீட்டில் அத்தை மரணப்படுக்கையில் இருக்கும்போது வரையும் ரோச்செஸ்டரின் முகம், கடைசியாக மார்ட்டன் கிராமத்தில் ரோசமண்ட் ஆலிவரின் உருவப்படம் என்று வரிசை நீள்கிறது.

கைத்திறன் கூடிக்கொண்டே போகிறது என்று சொல்வது எளிது. அதில் சுவையும் இல்லை. என்னைக் கவர்வது அவளுடைய பார்வை திரும்பும் திசை. முதலில் கண்ணால் ஒருபோதும் கண்டிராத கடலையும் பனிமலையையும் வரைகிறாள்; பிறகு கண்ணாடியில் தெரியும் தன் முகத்தையும், கேள்விப்பட்டதை வைத்து இன்னொருத்தியின் முகத்தையும் வரைகிறாள்; அதன்பின் மனத்தில் இருக்கும் ஒருவனின் முகத்தை நினைவிலிருந்தும், எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் முகத்தை நேரில் பார்த்தும் வரைகிறாள். முடிவில், பார்வை இழந்த கணவனுக்காக உலகத்தைச் சொற்களில் வரைந்து காட்டுபவளாகிறாள். தன்னுள்ளேயே குடியிருந்த கண், படிப்படியாக அடுத்தவரிடம் போய்ச் சேர்கிறது என்பது என் வாசிப்பு. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?


பழுப்புத்தாள் எழுதியது:

நல்ல கேள்வி. ஆனால் அந்த மூன்று நீர்வண்ணங்களைக் 'கண்டிராதவை' என்று ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு ஒப்பவில்லை. அவற்றுக்கு மூலம் நாவலின் முதல் பக்கங்களிலேயே இருக்கிறது. பத்து வயதுச் சிறுமி திரைச்சீலைக்குப் பின்னால், ஜன்னலோர இருக்கையில் ஒளிந்துகொண்டு, தாமஸ் பியூயிக்கின் பறவைகள் பற்றிய நூலைப் புரட்டுகிறாள். கடற்பறவைகள் வாழும் தனித்த பாறைகளும், வடதுருவத்துப் பனிவெளியும், கரையில் உடைந்து கிடக்கும் படகும் அவள் மனத்தில் படிகின்றன. லோவூடில் அவள் தீட்டியவற்றை இப்போது பாருங்கள்.

முதல் படத்தில், கொந்தளிக்கும் கடலில் பாதி மூழ்கிய பாய்மரத்தின் மேல் ஒரு நீர்க்காகம் உட்கார்ந்திருக்கிறது; அதன் அலகில் மணிகள் பதித்த பொன்வளையல்; நீருக்கடியில் மங்கலாகத் தெரியும் பிணத்தின் வெண்கையிலிருந்து கழன்ற வளையல் அது. இரண்டாம் படத்தில், காற்றில் சாய்ந்த புல்லும் இலையும் கொண்ட ஒரு மலையுச்சிக்கு மேலே, அந்தி வானத்தில் நெற்றியில் விண்மீன் சூடிய ஒரு பெண்ணுருவம் மார்பளவில் எழுகிறது. மூன்றாவதில், துருவத்துக் குளிர்வானத்தைக் குத்தி நிற்கும் பனிமலையின் மீது பிரம்மாண்டமான ஒரு தலை சாய்ந்து கிடக்கிறது; மெலிந்த இரு கைகள் அதன் நெற்றியைத் தாங்கி நிற்கின்றன; கண்களில் துயரத்தின் வெறுமை.

பியூயிக்கின் பாறையும் பறவையும் பனியும் இங்கே திரும்பி வந்திருக்கின்றன. அந்த நூலில் இல்லாத ஒன்றையும் அவள் சேர்த்திருக்கிறாள். மூன்று படத்திலும் உடல் முழுமையாக இல்லை: ஒன்றில் கை, அடுத்ததில் மார்பு வரை, பிறகு தலை மட்டும். உற்றார் யாருமின்றி வளர்ந்த ஒருத்தி மனித உருவத்தை முழுதாக வரையத் துணியாத காலம் அது என்று நான் வாசிக்கிறேன். நீங்கள் சொல்லும் 'திரும்பும் பார்வை' உண்மையானால், அது இந்தத் துண்டுகளிலிருந்து முழு முகத்தை நோக்கித் திரும்புகிறது என்றும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஓர் ஐயம் மட்டும். இந்த மூன்றின் வலிமை பிந்தைய எந்த உருவப்படத்திலும் இல்லை. ரோசமண்டின் படம் அழகானது; அதைப் படித்துவிட்டு இரவில் யாரும் நினைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். வளர்ச்சி என்று நாம் பெயர் வைப்பதில் ஓர் இழப்பும் இருக்கிறதே, அதை எங்கே வைப்பது?


ஒற்றைக்கோடு எழுதியது:

நான் ஒரு படி பின்னால் போய் நின்று கேட்கிறேன். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் ஹோகார்த் வரைந்த ஊதாரி வாலிபனின் வீழ்ச்சி எட்டு ஓவியங்களாக லண்டன் ஜான் சோன் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. தந்தையின் சொத்து கைக்கு வரும் முதல் படத்திலிருந்து பித்தர் விடுதியில் கிடக்கும் எட்டாம் படம் வரை, அந்த இளைஞனின் முகமும் உடையும் சுற்றியிருக்கும் பொருள்களும் எப்படி மாறுகின்றன என்பதை ஒருவர் சொன்னால், மற்றவர் போய்ப் பார்த்து மறுக்க முடியும். ஜேன் வரைந்த படங்களுக்கு அந்த வசதி கிடையாது. படமே இல்லை, படத்தைப் பற்றிய சொற்கள்தான் இருக்கின்றன.

அந்தச் சொற்களும் பதினெட்டு வயதுப் பெண்ணுடையவை அல்ல. மணமாகிப் பத்து ஆண்டுகள் ஆகிவிட்டன என்று கடைசி அத்தியாயத்தில் சொல்லும் ஒரு பெண், திரும்பிப் பார்த்து எழுதுகிறாள். நீர்க்காகத்தின் அலகில் இருந்த வளையலை நம் கண்முன் மின்ன வைப்பது லோவூட் மாணவியின் தூரிகையா, முப்பது வயதைத் தொட்ட கதைசொல்லியின் பேனாவா? பேனா என்றால், அப்படங்கள் தொடக்கக் காலத்துக்குச் சான்றாக மாட்டா. முழுமையாக வளர்ந்துவிட்ட ஒரு மனம் தன் இளமையை எப்படிப் பார்க்க விரும்புகிறது என்பதற்கே சான்றாகும். வளர்ச்சியை அளக்கும் கோலை வளர்ந்தவளே கையில் வைத்திருக்கும்போது, அந்த அளவை எவ்வளவு தூரம் நம்புவது?


நீலச்சாயம் எழுதியது:

ஒற்றைக்கோடு அவர்களின் கேள்வி இந்த விவாதத்துக்குத் தேவையானது. ஆனால் அதிலிருந்தே ஒரு விடையும் கிடைக்கிறது என்று நினைக்கிறேன். கதைசொல்லி எல்லாப் படத்தையும் ஒரே மாதிரி விவரிக்கவில்லை. மூன்று நீர்வண்ணங்களையும் முடிந்த பொருள்களாக, அவை நன்றாக அமையவில்லை என்ற முன்னறிவிப்போடு நம் முன் வைக்கிறாள். அகக்கண்ணில் தெளிவாக இருந்தது, கை பின்தொடராததால் வெளிறிப்போனது என்கிறாள். ரோச்செஸ்டரும் ஏறக்குறைய அதையே சொல்கிறான்: எண்ணத்தின் நிழலைப் பிடித்திருக்கிறாய், அதற்கு மேல் இல்லை. இளமையை மெருகேற்றிக் காட்ட விரும்பும் ஒரு கதைசொல்லி, தன் படைப்பின் மீது இப்படி இரண்டு பக்கத்திலிருந்தும் குறை சொல்ல வைப்பாளா?

இருபத்தொன்றாம் அத்தியாயத்துக்கு வரும்போது விவரிக்கும் முறையே வேறாகிவிடுகிறது. அத்தை வீட்டில் அவருடைய மகள்கள் எலிசாவும் ஜார்ஜியானாவும் அவளைப் பொருட்படுத்துவதில்லை. பொழுதுபோக்குக்காக அவள் பாறைகளுக்கிடையே தெரியும் கடல், நிலவைக் கடக்கும் கப்பல், குருவிக்கூட்டில் உட்கார்ந்திருக்கும் குட்டித் தேவதை என்று சிறு கற்பனைச் சித்திரங்கள் வரைந்துகொண்டிருக்கிறாள். பழைய லோவூட் சரக்கே வழக்கத்தால் கையிலிருந்து வருகிறது. ஒரு நாள் காலையில் என்ன முகம் வரும் என்று தெரியாமலேயே மிருதுவான கறுப்புப் பென்சிலை எடுத்து முனையை அகலமாக்கி வரையத் தொடங்குகிறாள். அகன்ற நெற்றி, சதுரமான தாடைக்கோடு, புருவம், மூக்கு, வாய், நடுவில் பள்ளம் விழுந்த முகவாய், கன்ன மயிர் என்று ஒவ்வொன்றாக நம் கண்ணெதிரே உருவாகின்றன. கண்களை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்கிறாள், அவற்றுக்குத்தான் மிகுந்த கவனம் வேண்டும் என்பதால். வரைந்து முடித்துத் தள்ளிப் பார்த்து, இன்னும் உயிர்ப்பு போதாது என்று நிழலை மேலும் கறுப்பாக்குகிறாள், ஒளி எடுப்பாகத் தெரிவதற்காக.

இங்கே நமக்குக் கிடைப்பது படமன்று, படம் வரையும் செயல். முடிந்த பொருளைக் காட்டி மன்னிப்புக் கேட்டவள், இப்போது கை நகர்வதையும் கண் திருத்துவதையும் காட்டுகிறாள். வருத்தம் எதுவும் தெரிவிக்கவில்லை. பேனா ஒன்றே, அது தேர்ந்தெடுக்கும் தருணம் மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தை நான் சான்றாக எடுத்துக்கொள்வேன்.


கரித்துண்டு எழுதியது:

நான் வரைபவன், இலக்கியம் படித்தவன் அல்லன். ஆகவே பொருள்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன். பதினாறாம் அத்தியாயத்தில் ஜேன் தனக்குத் தானே ஒரு தண்டனை விதித்துக்கொள்கிறாள். ரோச்செஸ்டர் தன்னை விரும்பக்கூடும் என்று நினைத்ததற்காக, கண்ணாடியை எதிரே வைத்துத் தன் முகத்தை ஒரு குறையும் மறைக்காமல் வரைந்து, அதன் அடியில் உறவற்ற, ஏழையான, அழகற்ற ஓர் ஆசிரியையின் படம் என்று எழுத வேண்டும். பிறகு, இன்னும் பார்த்திராத பிளான்ச் இங்கிராமை, மாளிகையின் நிர்வாகி திருமதி ஃபேர்ஃபாக்ஸ் வர்ணித்ததை வைத்து, வழவழப்பான தந்தத் தகட்டில், இருப்பதிலேயே நல்ல வண்ணங்களையும் மெல்லிய தூரிகைகளையும் கொண்டு தீட்ட வேண்டும். தன் படத்துக்கு ஓரிரு மணி நேரம் போதுமானதாக இருக்கிறது. மற்றதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம்.

பெரும்பாலோர் இந்தக் கால வேறுபாட்டைத் தாழ்வு மனப்பான்மையாக மட்டும் படிக்கிறார்கள். வண்ணச் சுண்ணக்கோலுக்கும் தந்தத்துக்கும் உள்ள வேறுபாடும் அதில் இருக்கிறது. சுண்ணக்கோல் தாளில் உடனே பற்றும். தவறினால் தேய்த்து மேலேயே வரையலாம். முகத்தின் பெரிய வடிவங்களை ஒரே அமர்வில் பிடித்துவிட முடியும். தந்தம் அப்படியன்று. அதன் மேற்பரப்பில் எண்ணெய்ப் பசை உண்டு; நீர்வண்ணம் வழுக்கிக்கொண்டு ஓடும்; முதலில் பசையை எடுத்துத் தேய்த்துப் பதப்படுத்த வேண்டும். அகலமாக ஒரு பூச்சுப் பூச முடியாது. நுனித் தூரிகையால் புள்ளி புள்ளியாகவும் சிறு சிறு கோடுகளாகவும் அடுக்கி, ஒவ்வோர் அடுக்கும் காய்ந்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். அதற்கு ஈடாகக் கிடைப்பது, அடியிலிருந்து ஊடுருவி வரும் ஒளி. தோலின் நிறத்துக்கு அதைப்போன்ற பரப்பு அரிது.

ஆக, போட்டியாளியின் முகத்தைப் புள்ளி புள்ளியாகத் தொட்டு, அதன் தோலுக்கு ஒளி ஏற்றிக்கொண்டே இரண்டு வாரம் உட்கார வேண்டும். வரைபவர்களுக்குத் தெரியும், அவ்வளவு நேரம் ஒரு முகத்தின் மீது வேலை செய்தால் அதன் மீது வெறுப்பை வைத்திருப்பது கடினம். கையும் தலையும் வேலையில் இருந்ததால் மனம் அடங்கியது என்று அவளும் சொல்கிறாள். தண்டனை என்று தொடங்கியது பயிற்சியாக முடிகிறது. பின்னர் பிளான்ச் நேரில் வரும்போது, உருவம் தன் சிற்றோவியத்தோடு ஒவ்வோர் அம்சத்திலும் பொருந்துகிறது என்று அமைதியாக ஒப்பிட்டுப் பார்க்கவும், அந்த அழகுக்குள் ஒன்றும் விளையவில்லை என்று மதிப்பிடவும் முடிகிறதென்றால், அந்த நிதானத்தை அவள் தந்தத் தகட்டில்தான் சம்பாதித்தாள் என்பேன்.

இன்னொன்று. நாவல் நமக்குக் காட்டும் தன்னுருவப்படம் அது ஒன்றுதான். வரைந்தது உண்மை, அடியில் எழுதியது தீர்ப்பு. அதன்பின் அவள் கண்ணாடியை எடுத்து வைத்துத் தன்னை வரைந்ததாக எங்கும் வரவில்லை.


பழுப்புத்தாள் எழுதியது:

கரித்துண்டு ஐயா, தந்தத்தைப் பற்றிய உங்கள் விளக்கத்துக்கு நன்றி. அந்தப் பகுதியை இனி வேறு மாதிரிதான் படிப்பேன்.

அடியில் எழுதுவதைப் பற்றிச் சொன்னீர்களே, அந்த இழை ரோசமண்டின் படத்தில் போய் முடிகிறது. தார்ன்ஃபீல்டை விட்டு ஓடிவந்தபின் ஜேன், எலியட் என்ற பொய்ப்பெயரில் மார்ட்டன் கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறாள். செல்வந்தர் மகள் ரோசமண்ட் ஆலிவர், தன் தந்தைக்குக் காட்டத் தன்னை வரைந்து தரும்படி கேட்கிறாள். இவ்வளவு ஒளிபொருந்திய முகத்தைப் பார்த்து வரையக் கிடைத்ததே என்ற கலைஞரின் சிலிர்ப்பு ஜேனுக்கு எழுகிறது. பொறாமையின் சாயல்கூட இல்லை. பிளான்சுக்கு இரண்டு வாரம் செலவிட்ட கணக்கு இங்கே தீர்ந்துவிட்டது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நடப்பது அதோடு நிற்கவில்லை. ரோசமண்டை உள்ளூர விரும்பும், ஜேனுக்கு அடைக்கலம் தந்த குடும்பத்துப் பாதிரியார் செயின்ட் ஜான் ரிவர்ஸ் படத்தைப் பார்க்கிறான், ஜேன் அவனுக்கு ஒரு நகல் வரைந்து தர முன்வருகிறாள், அவன் மறுக்கிறான். வரையும்போது அட்டை அழுக்காகாமலிருக்க அவள் கையின் கீழே வைத்திருந்த மெல்லிய தாளைப் படத்தின் மேல் இழுத்து மூடும்போது, அதில் எதையோ கண்டு திடுக்கிடுகிறான்; ஓரத்திலிருந்து ஒரு சிறு துண்டைக் கிழித்துக் கையுறைக்குள் மறைத்துக்கொண்டு போய்விடுகிறான். அடுத்த அத்தியாயத்தில் அந்தத் துண்டு வெளியே வருகிறது: கருநீலமும் செம்மையும் சிந்திய கறைகளுக்கிடையே, அவளுடைய கையெழுத்திலேயே ஜேன் ஐர் என்று இந்திய மையில் எழுதியிருக்கிறது. தன்னை மறந்திருந்த ஒரு கணத்தில் கை தானாகவே எழுதியது. அந்தப் பெயரால்தான் வழக்கறிஞர் தேடிக்கொண்டிருந்த வாரிசு அவள் என்பதும், இருபதாயிரம் பவுண்டு அவளுக்கு உரியது என்பதும், தனக்கு அடைக்கலம் தந்த ரிவர்ஸ் குடும்பத்தார் தன் சொந்த அத்தை மக்கள் என்பதும் தெரியவருகின்றன.

தன்னுருவப்படத்தின் அடியில் அவள் எழுதியது உறவற்றவள் என்று. ரோசமண்டின் படத்து மூடுதாளில் எழுதியது வெறும் பெயர். அது உறவுகளைக் கொண்டுவந்து சேர்க்கிறது. அடுத்தவளின் முகத்தில் முழுவதுமாக ஈடுபட்டிருந்த நேரத்தில் அவளுடைய சொந்தப் பெயர் ஓரத்தில் வந்து விழுந்திருக்கிறது என்பதைப் பார்த்தால், நீலச்சாயம் தொடங்கிவைத்த வாசிப்புக்கு இதுவே வலுவான சான்று. முன்பு நான் கேட்ட இழப்பு பற்றிய கேள்வி அப்படியேதான் இருக்கிறது. ரோசமண்டின் படம் ஓவியமாக அந்த நீர்க்காகத்துக்கு ஈடாகாது. நாவலுக்குள் அது செய்யும் வேலை மட்டும் பெரியது.


ஒற்றைக்கோடு எழுதியது:

படத்தின் ஓரத்துத் தாளைப் படமாக எண்ணிவிட்டோம். சரி, அதை விட்டுவிடுகிறேன்.

ஆசிரியரைப் பற்றி ஒரு செய்தியைச் சேர்க்க வேண்டும். சார்லட் பிராண்டியே இளமையில் ஓவியராக நினைத்தவர். செப்புத்தகட்டு அச்சுப் படங்களைப் பார்த்துக் கோடு பிசகாமல் நகலெடுத்துப் பழகியவர். 1834-இல் லீட்ஸ் நகரில் நடந்த ஒரு கண்காட்சியில் அவருடைய இரண்டு பென்சில் சித்திரங்கள் இடம்பெற்றன. 'ஜேன் ஐர்' வெற்றி பெற்றபின் பதிப்பகத்திலிருந்து, நீங்களே உங்கள் நாவலுக்குப் படம் வரையலாமே என்று கேட்டபோது, 1848-இல் எழுதிய கடிதத்தில் அவர் மறுத்துவிட்டார். பழைய படங்களை இப்போது எடுத்துப் பார்த்தால், ஒரு காலத்தில் நல்ல நாணயமென்று நினைத்தவற்றை ஏதோ ஒரு மாயம் காய்ந்த சருகாக மாற்றிவிட்டதுபோல் இருக்கிறது என்றும், கலைஞரின் கண் இருந்தால் போதாது, கையும் வேண்டும் என்றும் அதில் எழுதுகிறார்.

கண் இருக்கிறது, கை இல்லை. ரோச்செஸ்டர் ஜேனிடம் சொல்வது இதுதான். ஜேன் தன்னைப் பற்றிச் சொல்வதும் இதுதான். எனவே நாவலின் முடிவில் ஓவியம் மறைந்து சொல் அதன் இடத்தைப் பிடிப்பதை நாயகியின் வளர்ச்சி என்று கொண்டாடுவதற்கு முன், தூரிகையைக் கைவிட்டு எழுத்துக்கு வந்த ஆசிரியர் தன் பாதையைக் கதாபாத்திரத்தின் மீது ஏற்றியிருக்கிறார் என்ற வாய்ப்பையும் கணக்கில் வைக்க வேண்டும்.


மஞ்சள்விளக்கு எழுதியது:

இடையில் நுழைகிறேன். நாவலுக்குள் இருக்கும் படங்களைப் பற்றியே பேசுகிறீர்கள். நாவலைப் படித்த ஓர் ஓவியர் வரைந்த தொடரும் இருக்கிறதே. லிஸ்பனில் பிறந்து பிரிட்டனில் வாழ்ந்து 2022-இல் மறைந்த பவுலா ரேகோ, 2001, 2002 ஆண்டுகளில் இந்நாவலை வைத்துக் கல்லச்சு ஓவியத் தொடர் ஒன்றைச் செய்தார். ஜேனின் வளர்ச்சியைப் படங்கள் வழியே பார்ப்பது என்றால், எனக்கு அந்தத் தொடர்தான் முதலில் நினைவுக்கு வரும்.


கரித்துண்டு எழுதியது:

மஞ்சள்விளக்கு நினைவூட்டியது நல்லதாயிற்று. அத்தொடரில் பியூயிக்கின் நூலைப் பற்றிய ஒரு படம் உண்டு. ஜேன் ஜன்னலோரத்தில் புத்தகம் புரட்டிக்கொண்டிருக்கவில்லை. ஒரு பெரிய கூழைக்கடா தன் நீண்ட அலகை அவளுடைய வாயருகே கொண்டுவந்திருக்கிறது, அவள் முகத்தை உயர்த்தி அதை ஏற்றுக்கொள்கிறாள். தாய்ப்பறவை குஞ்சுக்கு ஊட்டுவதாகவும் பார்க்கலாம், அதைவிட அச்சமூட்டும் ஒன்றாகவும் பார்க்கலாம். புத்தகத்துப் பறவைகள் அவளுக்கு உணவாயின என்பதை ரேகோ விளக்கவுரை இல்லாமல் சொல்லிவிடுகிறார். பழுப்புத்தாள் இழப்பு என்று எதைக் கேட்டாரோ அதற்கான விடை இதில் இருப்பதாக எனக்குப் படுகிறது: அந்தப் பறவை எங்கும் போய்விடவில்லை, உடம்பிலேயே சேர்ந்துவிட்டது. கரிய மசியில், பரபரப்பான கோடுகளில் வரும் அவருடைய ஜேன், நாவலின் கடைசி அத்தியாயத்துக்கு வந்த பிறகும் அடங்கிவிட்டவளாகத் தெரிவதில்லை.

ரேகோவின் தொடரை வளர்ச்சிக்கான வரைபடமாக எடுத்துக்கொள்ள மட்டும் நான் தயங்குவேன். அவர் கதையின் படிகளை ஏறவில்லை. தன்னைத் தொந்தரவு செய்த தருணங்களில் போய் நின்றிருக்கிறார்.


நீலச்சாயம் எழுதியது:

முடிவைப் பற்றி நான் சொன்னதைச் சற்று விரித்துச் சொல்கிறேன், ஏனெனில் ஒற்றைக்கோடு அதைத்தான் கேள்விக்குள்ளாக்குகிறார். மணமான முதல் இரண்டு ஆண்டுகள் ரோச்செஸ்டருக்குப் பார்வை கிடையாது. வயலையும் மரத்தையும் ஊரையும் ஆற்றையும் மேகத்தையும் அவள் பார்த்து, ஒளி அவன் கண்ணில் பதிக்க முடியாததைச் சொல்லால் அவன் காதில் பதிக்கிறாள். லோவூடில் அகக்கண்ணில் கண்டதைக் கையால் கொண்டுவர முடியவில்லை என்று வருந்தியவளுக்கு, இங்கே எதிரே இருப்பதைச் சொல்வதில் அந்தக் குறை எழவேயில்லை. சலிப்பின்றிச் செய்தேன் என்கிறாள். ஆசிரியரின் வாழ்க்கையும் இதில் கலந்திருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஆசிரியர் எங்கிருந்து எடுத்தாலும், கதாபாத்திரத்துக்குள் அது பொருந்தியிருக்கிறதா என்பதுதானே நம் கேள்வி. குருடனான ஒருவனுக்காகத் தூரிகையை வைத்துவிட்டு வாயைத் திறப்பது, முகங்களை நோக்கித் திரும்பிய அந்தப் பார்வையின் அடுத்த படியாக எனக்குப் பொருந்துகிறது.


ஒற்றைக்கோடு எழுதியது:

அவனுக்காகத் தூரிகையை வைத்தாள் என்கிறீர்கள். நாவல் அப்படிச் சொல்லவில்லை. அவள் அதற்கு முன்பே வரைவதை விட்டுவிட்டதாகத்தான் பக்கங்கள் காட்டுகின்றன.

ரிவர்ஸ் சகோதரிகளான டயானா, மேரியிடம் அடைக்கலம் புகுந்த நாட்களில், ஓவியம் ஒன்றில்தான் ஜேன் அவர்களைவிடத் தேர்ந்தவள். மேரி மணிக்கணக்காக அருகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவளிடம் பாடம் கேட்கிறாள். பிறகு மார்ட்டன், ரோசமண்ட், கிழிந்த தாள், சொத்து, அந்தப் பணத்தை நான்கு பங்காக்குவது எல்லாம் முடிந்து, குடும்பமாக அவர்கள் மீண்டும் ஒரே கூரையின் கீழ் உட்காரும் மாலைகளை முப்பத்துநான்காம் அத்தியாயம் காட்டும்போது, மேரி வரைந்துகொண்டிருக்கிறாள். டயானா கலைக்களஞ்சியம் முழுவதையும் படித்துவிடும் முனைப்பில் இருக்கிறாள். ஜேன் ஜெர்மன் மொழியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். சீடப்பெண் வரைகிறாள், கற்றுக்கொடுத்தவள் வரையவில்லை. செயின்ட் ஜான் அடுத்து அந்த ஜெர்மனையும் விடச் சொல்லி இந்துஸ்தானி படிக்க வைக்கிறான். அவனை மகிழ்விக்க வேண்டுமானால் என் இயல்பில் பாதியைத் துறக்க வேண்டும், என் ஆற்றல்களில் பாதியை நெரிக்க வேண்டும் என்ற பொருளில் அவள் குமுறுவது இந்த இடத்தில்தான்.

ரோசமண்டுக்குப் பிறகு ஒரு படம்கூட நமக்குக் காட்டப்படவில்லை. உங்கள் சுவரில் அந்த இடைவெளியை ரோச்செஸ்டரோடு அவள் வாழும் ஃபெர்ன்டீனில் போய் வைக்கிறீர்கள். அது ரிவர்ஸ் வீட்டிலேயே தொடங்கிவிட்டது.


நீலச்சாயம் எழுதியது:

மேரி வரைந்துகொண்டிருக்கும் அந்த மாலையைச் சுவரில் சேர்க்கத்தான் வேண்டும். நான் அதற்கு உரிய இடம் கொடுத்திருக்கவில்லை. ஆனால் சேர்த்தபின் என் வாசிப்பு விழுந்துவிடுகிறதா என்று பார்த்தால், அப்படித் தெரியவில்லை. வரையாத இரண்டு காலங்கள் நமக்குக் கிடைக்கின்றன. முதலாவதில், செயின்ட் ஜானுக்காக அவள் படிக்கும் மொழி அவளுடைய கண்ணுக்கு எந்த வேலையும் தருவதில்லை. அந்தப் பக்கங்களில் நிலக்காட்சியின் வர்ணனையும் வெகுவாக வற்றிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். முன்பெல்லாம் வானத்தின் ஒவ்வொரு சாயலையும் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். இரண்டாவதில் கண் முழுவேலையில் இருக்கிறது, கை மட்டும் ஓய்ந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் தூரிகை இல்லாத காலங்கள்தாம். முதல் காலத்தை அனுபவித்திருக்காவிட்டால், இரண்டாவதில் தான் எதைத் தருகிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருக்குமா?


ஒற்றைக்கோடு எழுதியது:

கேள்வியாக ஏற்றுக்கொள்கிறேன்; விடையாக ஏற்கவில்லை. ரோச்செஸ்டருக்கு ஒரு கண்ணில் பார்வை திரும்பிய பிறகும் நாவல் முடிவதற்கு முன் சில பக்கங்கள் இருக்கின்றன, கதைசொல்லியின் கணக்கில் எட்டு ஆண்டுகள் இருக்கின்றன. அவன் கண்ணால் பார்க்கக்கூடியவனாகிவிட்ட பின்னும், அவள் ஒரு பென்சிலையாவது கையிலெடுத்தாள் என்று அங்கே ஒரு வரி இல்லை. அதற்கும் ஒரு காரணம் சொல்ல முடிந்தால், உங்கள் சுவரை முழுதாக ஒப்புக்கொள்வேன்.